'மன உளைச்சல்' என்றால் என்ன? ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் எல்லாம் ஒன்றுதானா?

"கடும் மன உளைச்சலில் இருந்ததாகக் கூறப்படுகிறது." செய்திகளில் அடிக்கடி காதில் விழும் வரி இது. போலீஸ் புகார், கோர்ட் வழக்கு, ஆபீஸ் பேச்சு என எங்கும் இந்த வார்த்தை வருகிறது. ஆனால், இது ஒரு நோயின் பெயரா?

வார்த்தையின் வேர்

'உளைதல்' என்றால் வலி எடுப்பது. "ராத்திரி பூரா கால் உளையுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சீதபேதியின்போது வயிற்றை முறுக்கும் வலிக்கு 'வயிற்று உளைச்சல்' என்று பெயர். சுளீரென்று வந்து போகும் வலி அல்ல இது. உள்ளுக்குள்ளேயே குடைந்துகொண்டு இருக்கும் வலி. அதே வலி மனதுக்கு வந்தால் 'மன உளைச்சல்'.

எங்கே பயன்படுகிறது?

பழுதான ஃபிரிட்ஜைக் கடைக்காரர் மாற்றித் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால், பொருளின் விலையோடு 'மன உளைச்சலுக்கு' என்று தனியாக இழப்பீடும் கேட்கலாம். அலைக்கழித்ததால் ஏற்பட்ட வேதனையைத்தான் இங்கே அந்த வார்த்தை குறிக்கிறது. நோயை அல்ல.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

மன உளைச்சல்: மனம் படும் வேதனை. அவமானம், ஏமாற்றம், பிரிவு என எதனாலும் வரலாம்.

மன அழுத்தம்: ஸ்ட்ரெஸ். பரீட்சை, கடன், வேலைப்பளு போன்ற நெருக்கடிகள் தரும் பாரம். நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் குறையும்.

மனச்சோர்வு: டிப்ரஷன். இது நோய். காரணம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமலும் வரலாம்.

பேச்சு வழக்கில் டிப்ரஷனையும் 'மன அழுத்தம்' என்றே பலர் சொல்கிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. "எல்லாருக்கும் இருக்கிற டென்ஷன்தானே, நாலு நாள்ல சரியாகிடும்" என்று வீட்டில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை தள்ளிப்போகிறது.

எப்போது கவனிக்க வேண்டும்?

நாளின் பெரும்பகுதி சோகம் அல்லது வெறுமை, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமின்மை. இதில் ஏதாவது ஒன்று தினமும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. தூக்கம், பசி மாறுவது, காரணமில்லாத சோர்வு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமும் அறிகுறிகளே. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் 2 வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே உதவி தேவை.

பேச்சுவழி சிகிச்சை, மருந்து இரண்டாலும் மனச்சோர்வைச் சரிசெய்ய முடியும். அதனால் வீட்டில் யாராவது "மன உளைச்சலா இருக்கு" என்று சொன்னால், அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

உதவிக்கு: மத்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.