வெளிநடப்பும் விலகலும்

இங்கிலாந்தின் சிறைக்காவலர்கள் தங்கள் குறைகளை அச்சில் ஏற்றத் தொடங்கியது 1910இல். அந்த ஆண்டு அவர்களுக்கென்று ஓர் இதழ் பிறந்தது. நடத்தியவர் புனைபெயரில் ஒளிந்துகொண்டார். கடிதம் எழுதியவர்களும் பெயர் போடவில்லை. நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, சின்னத் தவறுக்கும் அபராதம் என்று சொல்ல நிறைய இருந்தது. கேட்பதற்குத்தான் சங்கம் இல்லை.

இன்று அவர்களின் சங்கத்துக்கு லண்டனின் வடக்கே எட்மன்டனில் சொந்தத் தலைமையகம் இருக்கிறது. ஏறத்தாழ 30,000 உறுப்பினர்கள். ஒவ்வொரு சிறையிலும் ஒரு கிளை, கிளைக்கு ஒரு செயலாளர். தேசியச் செயற்குழு உறுப்பினர்கள் சிறைக்குச் சிறை போய் உட்கார்ந்து குறை கேட்கிறார்கள். சொல்பவர் தம் பெயரையே சொல்லிப் பேசலாம், அதற்காக வேலை போகாது. நூறாண்டுகளில் கிடைத்தவற்றுள் இதைச் சிறிதென்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டபின் என்ன செய்ய முடியும் என்பதில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதல் முயற்சி கசப்பில் முடிந்தது. காவல்துறையினரும் சிறைக்காவலர்களும் சேர்ந்து ஒரே சங்கம் கண்டிருந்தார்கள். 1918 ஆகஸ்டில் லண்டன் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது போர்க்கால அரசு பதறிப்போய்ச் சம்பளத்தை உயர்த்தியது. சங்கத்துக்கு மட்டும் அங்கீகாரம் தரவில்லை. மறு ஆண்டு அந்தச் சங்கத்தையே தடைசெய்யச் சட்டம் வந்தபோது இரண்டாம் வேலைநிறுத்தம் நடந்தது. லண்டனின் வொர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைக்காவலர்களும் அதில் சேர்ந்தார்கள். வெளியே வந்த அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். திரும்ப எடுக்கப்படவே இல்லை. அதன்பின் இருபது ஆண்டுகள் அவர்களுக்கு இருந்தது அரசே அமைத்துக்கொடுத்த பிரதிநிதிகள் குழு ஒன்றுதான். மனு கொடுக்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். 1939இல்தான் சிறை அலுவலர் சங்கம் உருவாயிற்று. ஹார்லி குரோனின் அதன் முதல் பொதுச் செயலாளர். எட்மன்டன் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

சங்கம் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சிறைவாசிகள் சுமார் 11,000 பேர். 2024 செப்டம்பரில் அந்த எண் 88,521ஐத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். இடமில்லாமல், அடுத்த சில நாள்களில் தண்டனையின் நாற்பது விழுக்காட்டைக் கழித்தவர்களை முன்கூட்டியே வெளியே விடத் தொடங்கினார்கள். முதல் நாளில் மட்டும் வெளிவந்தவர்கள் ஏறக்குறைய 1,700 பேர். விக்டோரியா காலத்தில் ஆளுக்கோர் அறை என்று கணக்கிட்டுக் கட்டிய சிறைகள் பல இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த அறைகளில் இப்போது இரண்டு கட்டில்கள்.

அந்தக் காலத்துச் சிறைக்காவலருக்கு வேலையும் வீடும் ஒரே மதிலை ஒட்டி இருந்தன. சிறைக்குப் பக்கத்திலேயே அரசுக் குடியிருப்பு. பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போனார்கள், மாலையில் எல்லோரும் கூடும் கிளப்பும் அங்கேயே. சங்கக் கிளைக்குத் தனியாகக் கூட்டம் போடத் தேவையே இருந்திருக்காது. ஒருவர் அடி வாங்கி வந்தால் தெருவே அன்றிரவு அதைப் பேசும். இதில் மூச்சுமுட்டலும் உண்டு. மேலதிகாரியும் அதே தெருவில் இருந்தார், ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1987இல் வந்த சீர்திருத்தம் இந்தக் குடியிருப்பு முறைக்கு முடிவு கட்டியது. இருந்தவர்கள் வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வெளியே பார்த்துக்கொள்ளலாம். அதோடு சிறைக்காவலர் தெரு என்ற ஒன்று மெல்ல இல்லாமல் போயிற்று.

அந்த 1987 சீர்திருத்தம் குறிவைத்தது வீட்டை அல்ல, ஓவர்டைமை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு சிறைக்காவலர் வாரத்துக்குச் சராசரி 56 மணி நேரம் வேலை பார்த்தார். அதில் 16 மணி நேரம் ஓவர்டைம். அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது, ஓவர்டைம் இருந்தால் நடத்தலாம். எனவே ஆள் பற்றாக்குறை அன்று ஒரே சமயத்தில் குறையாகவும் வருமானமாகவும் இருந்தது. சங்கத் தலைவர்களிடம் வந்து ஆள் போதவில்லை என்று முறையிட்டவரே, புது ஆள்கள் நிறைய வந்துவிட்டால் தம் சம்பளம் என்னாகும் என்றும் கவலைப்பட்டார்.

அப்போது சங்கத்தின் கை ஓங்கியிருந்தது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், ஓவர்டைம் யாருக்கு என்பதில் கிளையின் சொல் எடுபட்டது. 1980இல் உணவு இடைவேளைக்கான ஊதியம் பற்றிய தகராறு முற்றி, காவலர்கள் புதிய கைதிகளை ஏற்க மறுத்தார்கள். அரசு அவசரச் சட்டம் இயற்றி, புதிதாகக் கட்டிய ஃப்ராங்க்லேண்ட் சிறையிலும் சாலிஸ்பரி சமவெளியில் ஒரு முகாமிலும் ராணுவத்தைக் காவலுக்கு வைத்தது. 1986 ஏப்ரல் கடைசியில் சங்கம் ஓவர்டைமை நிறுத்திய இரவே 18 சிறைகளில் கலவரம் மூண்டது. சஸ்ஸெக்ஸில் நார்த்ஐ சிறையின் பெரும்பகுதி எரிந்து போனது. இந்தப் பலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் இன்றும் சங்கத்தில் உண்டு. எனக்கு அந்த ஏக்கத்தில் பாதிதான் உடன்பாடு. ஆள் குறைந்த நாளில் கதவு திறக்கப்படாமல் உள்ளே கிடந்தவர்களுக்கு அந்தப் பேரப்பேச்சில் இடமே இருக்கவில்லை.

1987க்குப் பின் வாரம் 39 மணி நேரம் என்பதை நோக்கி வேலைநேரம் படிப்படியாகக் குறைந்தது. ஓவர்டைம் போயிற்று, சம்பளம் சீரானது. மனிதர்கள் பகலில் வீட்டில் இருக்கத் தொடங்கினார்கள்.

வேலைச் சூழல் மாறுவதற்கு ஒரு பெரிய கலவரம் தேவைப்பட்டது. 1990 ஏப்ரல் 1 அன்று மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் தொடங்கிய கலகம் 25 நாள் நீடித்தது. 970 பேருக்கான இடத்தில் அன்று 1,647 பேர் இருந்தார்கள். மறு ஆண்டு வெளிவந்த நீதிபதி வூல்ஃபின் அறிக்கை நெருக்கடியையும் சுகாதாரக் கேட்டையும் வெளிப்படையாகப் பேசியது. அதுவரை இரவில் அறைக்குள் ஒரு வாளிதான் கழிப்பறை. காலையில் கதவு திறந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய்க் கொட்டுவார்கள். காவலரின் நாள் அந்த நாற்றத்தில் தொடங்கும்; சிந்தியதும், சில நாள்களில் வேண்டுமென்றே வீசப்பட்டதும் அவர் சீருடையிலும் படும். 1996 ஏப்ரலில் அந்த வழக்கம் அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. சிறைவாசியின் கண்ணியம் பற்றிப் பேசும்போது இதைச் சொல்வார்கள். ஊழியரின் வேலைச் சூழலில் நேர்ந்த மிகப் பெரிய மாற்றமும் இதுவே.

வாளி ஒழிந்து கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் சங்கத்தின் கை கட்டப்பட்டது. சிறைக்காவலருக்குப் பணியின்போது போலீஸ்காரருக்குரிய அதிகாரம் உண்டு என்று 1952ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் சொல்கிறது. கௌரவமாகக் கொடுத்த அந்த வரியையே பிடித்துக்கொண்டு, போலீஸ் அதிகாரம் உள்ளவர்களின் அமைப்பு சட்டப்படி தொழிற்சங்கமே ஆகாது என்று 1993இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் ஒரு பிரிவில் சங்கத்துக்குத் தொழிற்சங்கத் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த பிரிவில், அதாவது 127ஆவது பிரிவில், வேலையை நிறுத்தும்படி சிறைக்காவலரைத் தூண்டுவதைத் தடைசெய்தது. நாற்காலியைப் போட்டுவிட்டுக் காலைக் கட்டியதைப் போலத்தான். 2005இல் தன்னார்வ உடன்பாடு ஒன்றை நம்பித் தடை தளர்ந்தது. 2007 ஆகஸ்ட் 29 அன்று, சம்பள உயர்வைத் தவணையாகப் பிரித்ததை எதிர்த்து ஏறத்தாழ 20,000 பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். சங்க வரலாற்றின் முதல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் அது. 2008இல் தடை திரும்பி வந்தது.

வேலைநிறுத்தத்துக்கு ஈடாக அரசு சொல்வது 2001 முதல் இயங்கும் ஊதிய மறுஆய்வுக் குழுவை. இரு தரப்பையும் கேட்டு அது பரிந்துரைக்கும். ஏற்பதும் விடுவதும் அரசின் விருப்பம். அடிநிலைக் காவலர்களுக்கு ஆண்டுக்கு 3,000 பவுன் உயர்த்தும்படி அது சொன்னதை 2020இல் அரசு ஏற்கவில்லை.

பின்னர் சிக்கன ஆண்டுகள் வந்தன. 2010இல் சிறைக்கூடங்களில் நேரடியாகப் பணியாற்றிய அலுவலர்கள் ஏறத்தாழ 25,000 பேர். 2014இல் 18,000 பேர். சிறைவாசிகளின் எண்ணிக்கை குறையவில்லை. பணம் கொடுத்து விருப்ப விலகல் என்று அறிவித்தபோது கிளம்பியவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். எந்த அறையில் யாருக்கு யாரோடு பகை, எவர் குரல் மாறினால் எதற்கு அறிகுறி என்பதெல்லாம் அவர்கள் தலையில்தான் இருந்தது. எந்தக் கோப்பிலும் இல்லை. தவறு புரிந்து அரசு 2016இல் 2,500 பேரைக் கூடுதலாக எடுக்கப்போவதாக அறிவித்தது; எடுக்கவும் எடுத்தது. தலைக்கணக்கு சற்று நிமிர்ந்தது. ஆனால் அண்மை ஆண்டுகளில் மூன்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டு அனுபவம்கூட இல்லை. பழகிய காவலரின் தோளுக்குப் பின்னால் நின்று தொழில் கற்ற முறை போய், நேற்று வந்தவர் இன்று வந்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

ஊழியர் மீதான தாக்குதல்கள் 2010இல் ஆண்டுக்கு மூவாயிரத்துக்குள் இருந்தன. 2024இல் பத்தாயிரத்தைத் தாண்டின. ஸ்பைஸ் என்ற செயற்கைப் போதைப்பொருளின் புகை அறையிலிருந்து நடைபாதைக்கு வரும். கதவைத் திறந்த காவலருக்கே தலை சுற்றும். முன்பு மதில் மேலே வீசியெறிந்த பொட்டலம் இப்போது ட்ரோனில் ஜன்னலுக்கே வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் ஃப்ராங்க்லேண்டில் மூன்று காவலர்கள் கொதிக்கும் எண்ணெயாலும் கத்தியாலும் தாக்கப்பட்டபின், குத்து தாங்கும் கவசம் எல்லோருக்கும் வேண்டும் என்பது சங்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாயிற்று. 1939இன் காவலரிடம் ஊதலும் தடியும் சாவிக்கொத்தும் இருந்தன. இன்றைய காவலரின் மார்பில் கேமரா, இடுப்பில் மிளகுத் தெளிப்பான் போன்ற ஒன்று. கருவிகள் கூடக்கூடப் பயமும் கூடியிருப்பது முரண்தான். ஆனால் கேமராவை வேண்டாம் என்பார் இப்போது யாரும் இல்லை; பொய்ப் புகாரிலிருந்து அது காப்பாற்றியிருக்கிறது.

தலைவர்கள் முன் வரும் குறைகளில் சில பழையவையே, உடை மாற்றிக்கொண்டு வருகின்றன. ஒழிக்கப்பட்ட ஓவர்டைம் வேறு பெயரில், மணிக்கு இத்தனை பவுன் என்று திரும்பிவிட்டது. ஒரு சிறையில் ஆள் இல்லையென்றால் இன்னொரு சிறைக்காரரை வாரக்கணக்கில் ஹோட்டலில் தங்கவைத்து வேலை வாங்குகிறார்கள். சில குறைகள் முற்றிலும் புதியவை. ஆண்கள் சிறைகளில் பெண் அலுவலர்கள் 1980களில்தான் வரத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் இல்லாமல் பல சிறைகள் ஒரு நாள்கூட ஓடாது. அவர்களுக்குப் பொருந்தும் கவசம் முதல் சக ஊழியரின் தொல்லை வரை கிளையின் மேசைக்கு வருகிறது. விசா என்ற குறையும் உண்டு. நைஜீரியா, கானாவிலிருந்து பலர் வந்து சேர்ந்தார்கள். 2025 ஜூலையில் வேலை விசாவுக்கான சம்பள வரம்பு 41,700 பவுனாக உயர்ந்ததும், தொழில் பழகிவரும் அவர்களையே இழக்க நேரும் என்று சங்கம் எச்சரித்தது. குரோனின் காலத்துக் கிளைச் செயலாளர் குடியேற்ற விதிகளைப் படிக்க நேர்ந்திருக்காது.

அன்றைய தலைவர் குறை கேட்டபின் ஆட்களை வாசலுக்கு அழைக்கலாம். இன்றைய தலைவர் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டுகிறார். இந்த ஷிப்டில் இத்தனை பேர் மட்டும் இருந்தால் ஆபத்து என்று எழுதிக் கொடுக்கிறார். 2016 நவம்பர் 15 அன்று அந்தக் காரணத்தைச் சொல்லியே சுமார் 10,000 பேர் வெளியே நின்றார்கள். அன்றே உயர் நீதிமன்றம் உள்ளே போகச் சொல்லிவிட்டது. சேர்ந்து வெளியேறினால் சட்டவிரோதம். தனித்தனியாக வெளியேறினால் ராஜினாமா. அதைத் தடுக்க எந்தப் பிரிவும் இல்லை. அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். இந்த வெளிநடப்புக்குக் கோரிக்கை கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. முடித்துவைக்கவும் ஆள் இல்லை.

விலகாமல் இருப்பவர்களுக்கோ ஓய்வு தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. 1987 சீர்திருத்தத்துக்கு முன் சேர்ந்தவர் 55 வயதில் ஓய்வு பெறலாம். பின்னால் வந்தவர்களுக்கு அது 60 ஆயிற்று. 2015இன் புதிய திட்டத்தில் காவல்துறையினருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் ஓய்வு வயது 60 என்று வைத்துவிட்டு, சிறைக்காவலரை மட்டும் அரசு ஓய்வூதிய வயதோடு கட்டினார்கள். போலீஸ் அதிகாரம் வேலைநிறுத்தத் தடைக்கு ஆயிற்று, ஓய்வூதியத்துக்கு ஆகவில்லை. 68 வயது மிகத் தாமதம் என்பது சங்கத்தின் நெடுநாள் முழக்கம். 18 வயதிலேயே இந்த வேலையில் சேரலாம். இன்று அப்படிச் சேரும் ஒருவர் முழு ஓய்வூதியம் வாங்க வேண்டுமானால் ஐம்பது ஆண்டு அந்த மாடிகளில் ஏறி இறங்க வேண்டும். அவரோடு சேர்ந்தவர்களில் பலர் மூன்றாம் ஆண்டுக்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.