மூட்டுவாய் ஒழுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடக் காண்போர் வியப்பர். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 ஆம் ஆண்டு வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் அதன் ஆக்கம் அங்கே நின்றது. பிறந்த நாடு செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதனை இங்கு ஓடச் செய்வது யாது? நம்மூர்த் தொழிலாளர் அறிவே என்பேன். அவ்வறிவின் சிறு கூறு ஒன்றை ஈண்டு எடுத்துரைக்கின்றேன்.

இவ்வண்டிகள் குளிர்நாட்டாரை எண்ணி அமைக்கப்பட்டவை. எஞ்சினின் வெப்பத்தைத் தாங்கிச் செல்லும் நீரில் ஒரு பகுதி, இரண்டு சிறிய இறப்பர்க் குழாய்களின் வழியே வண்டியின் உட்புறத்துப் பெட்டி ஒன்றுக்குச் சென்று மீளும். அதன் சூடு அமர்ந்திருப்போரின் குளிரைப் போக்கும். இதனை ஹீற்றர் என்பர். பனி அறியாத நமக்கு ஹீற்றரால் பயனில்லை. ஆனால் அதன் குழாய் ஒழுகினால் கேடு உண்டு. நீர் குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தால் அதன் தலைப்பாகம் வளைந்து பெருஞ்செலவு வைக்கும்.

என்னிடமுள்ள மொறிஸ் மைனரிலும் அவ்வாறு ஓர் ஒழுக்கு உண்டாயிற்று. அயலூரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு சென்றேன். கிளிப்பை இறுக்கினாற் போதாதா என்று வினவினேன். "இறுக்கினால் ஒழுக்கு நிக்காது, ஐயா. முதலில வாயைப் பாருங்கோ" என்றார் அவர்.

அவர் காட்டிய காரணங்கள் மூன்று. அவற்றைக் கேட்டபோது மாணவர்க்கு நாள்தோறும் யான் கற்பிக்கும் புணரியலே நினைவுக்கு வந்தது. உலோக வாய் நிலைமொழி. இறப்பர்க் குழாய் வருமொழி. இரண்டும் சேருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரமும் உள. நமது நிலம் சுண்ணக்கல் நிலம்; கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் வெண்பொருக்கு, உலோக வாயிலும் துருவோடு சேர்ந்து படியும், இது தோன்றல். இறப்பர் வெப்பத்தால் இறுகி வெடிக்கும், எண்ணெய் பட்டால் ஊதி மெதுவாகும், இது திரிதல். உலோகம் அரிப்புண்டு குழிவிழும், கிளிப்பும் பிடி தளரும், இது கெடுதல். இம்மூன்றையும் நோக்காது கிளிப்பை மட்டும் இறுக்குவோன், விதி அறியாது சொற்களைச் சேர்ப்போனை ஒப்பான்.

அவர் செய்த முறையும் அறியத்தக்கது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். சூட்டில் ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் வெந்நீர் பீறிட்டு உடலைச் சுடும். பின்பு நீரை வடித்தார். பழைய குழாயைப் பிடித்து இழுக்கவில்லை; மெல்லிய உலோக வாய் முறியக்கூடுமாதலால், கத்தியால் நெடுக்காகக் கீறி உரித்தெடுத்தார். வாயை அரத்தாளால் தேய்த்துத் துலக்கினார். அதன் நுனியில் ஒரு வரம்பு உண்டு. புதிய குழாயை அவ்வரம்பைக் கடக்கச் செலுத்தி, வரம்புக்கு அப்பால் கிளிப்பை வைத்து அளவாக இறுக்கினார். எஞ்சினைச் சூடேற்றி ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். கிணற்று நீருக்கு மாறாக மழைநீர் வார்க்குமாறும் சொன்னார்.

இவ்வறிவின் அருமையை 1990 ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடு உணர்ந்தது. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சிறிது பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். சூடு மிகுந்தாலோ எஞ்சின் கெடும். ஆகவே ஒரு சொட்டு நீரும் வீணாகாமற் காப்பது அன்று தலையாய வேலையாயிற்று. ஹீற்றர்க் குழாய்களை அறவே நீக்கி, எஞ்சினின் வாய்களை அடைத்துவிட்டதும் உண்டு என அம்மெக்கானிக் கூறினார். நோயாளரையும் கருவுற்ற பெண்களையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றவை இத்தகைய வண்டிகளே.

அவருக்கு அகவை எழுபதைக் கடந்துவிட்டது. அவரிடம் தொழில் பழக இன்று எவரும் இலர். அவர் அறிந்தவை எந்த ஏட்டிலும் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கு நூல்களும் ஆக்குவித்தார். வேற்று நாட்டார் ஒருவர் தமிழாற் கூடும் என்று காட்டிய இம்மண்ணிலே, நம்மவர் கைவண்ணத்தை நாமே எழுதாது விடுதல் தகுமோ?

ஏட்டுச்சுவடி தேடி அலைந்த பெரியோர் மரபில் வந்தவர் நாம். கராஜிலும் சுவடிகள் உள. அவை மனிதர் வடிவில் உள. ஆசிரியர்கள் தம் மாணவரை விடுமுறை நாளொன்றில் அத்தகையோரிடம் அனுப்புக. அவர்கள் வழங்கும் சொற்களையும் செய்யும் முறைகளையும் அவர்கள் சொல்லியவாறே எழுதி வருமாறு பணிக்க. இன்று எழுதாதது நாளை கேட்பதற்கும் கிடையாது.