மருத்துவமனையின் பின்கட்டில் எரியும் அடுப்பு



சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கக் கூடும். குரோம்பேட்டையைக் கடந்ததும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வரும். ஒரு மருத்துவமனையின் பெயரே ரயில் நிலையத்திற்கும், சுற்றியுள்ள குடியிருப்புக்கும் பெயராக அமைந்துவிட்ட இடம் அது. 1928ஆம் ஆண்டு, டாக்டர் டேவிட் சௌரி முத்து என்னும் தமிழ் மருத்துவர், காசநோயாளிகளுக்காகப் பச்சைமலை அடிவாரத்தில் அந்த இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய நோயாளர் இல்லம் ஒன்றை அவர் முன்னரே நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கேதான் அவரிடம் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து இல்லத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் அது அரவணைத்து வருகிறது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், தூய காற்றும் வெயிலும் ஓய்வும் நல்லுணவுமே மருந்தாக இருந்தன. பாக்தாதில் மருத்துவமனை கட்ட இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மருத்துவ மேதை அர்ராஸி நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே அது கெடுவதற்கு மிகுந்த நாளாயிற்றோ அந்த இடத்தையே தேர்ந்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. மலையடிவாரத்துக் காற்றை நாடிய சௌரி முத்துவின் எண்ணமும் ஏறத்தாழ அதுவே அல்லவா?

ஆனால் காற்று மட்டும் ஒரு மருத்துவமனையை நடத்திவிடாது. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் நாம் காண்பது முன்கட்டையே. மருத்துவரின் அறை, செவிலியர், மருந்தகம், வெள்ளை விரிப்பு போர்த்திய கட்டில். அந்த விரிப்பை வெளுக்க வெந்நீர் எங்கிருந்து வந்தது? அறுவைச் சிகிச்சைக் கத்தியும், மருத்துவர் உடுத்திய அங்கியும், புண்ணில் வைத்த பஞ்சும் கிருமியற்றவை ஆனது எப்படி? பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கான விடை, நோயாளியின் உறவினர் எவரும் எட்டிப்பாராத பின்கட்டில், புகைபோக்கிக்குக் கீழே, வெக்கை வீசும் ஒரு கொட்டகையில் இருக்கிறது. அங்கே நிற்கும் கொதிகலனைத் தொழிலாளர் பாய்லர் என்றே அழைப்பர். அதை இயக்குபவரையும், அதன் குழாய்களையும் வால்வுகளையும் பழுது பார்க்கும் மெக்கானிக்கையும் பற்றியே இக்கட்டுரை.

சகோதரிகளே, இந்தக் கொதிகலனை நீங்கள் நன்கறிவீர்கள். உங்கள் அடுக்களைப் பிரஷர் குக்கர் அதன் சின்னஞ்சிறு தம்பியே. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். எத்தனை விறகு போட்டாலும் அதற்கு மேல் சூடேறாது. மூடி அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை உயரும். குக்கரின் வெயிட் எழும் அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி இருக்கும். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் என்னும் பெட்டியும் இதே முறையில்தான் இயங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி. அந்நிலையில் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கருவிகள் இருக்க வேண்டும். 134 டிகிரியானால் மூன்று, நான்கு நிமிடங்களே போதும்.

வெறும் கொதிநீர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். காசநோய்க் கிருமியும் எச்.ஐ.வி. கிருமியும் கொதிநீரில் மாண்டுவிடும். ஆனால் இரணஜன்னிக் கிருமி போன்ற சில, தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்துகளாக உறங்கும். அவை கொதிநீரையும் தாங்கி நிற்கும் ஆற்றல் உடையவை. அவற்றை வெல்ல அழுத்தமுள்ள நீராவி வேண்டும். நெருப்பின் உலர்ந்த சூட்டால் இதே வேலையைச் செய்ய 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்க நேரும். துணியும் ரப்பரும் அதைத் தாங்குமா? நீராவிக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதையே ஆவியாக மாற்ற மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அத்தனை வெப்பத்தையும் தன்னுள் ஒளித்து வைத்திருக்கும் ஆவி, குளிர்ந்த பொருளைத் தொட்டதும் நீராகி, அவ்வளவையும் அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. இட்லிப் பானையைத் திறக்கையில் கையில் பட்ட ஆவி இத்தனை கடுமையாகச் சுடுவதன் இரகசியம் இதுவே.

இந்த ஆற்றலை மனிதன் அறிந்த வரலாற்றில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. திமிஷ்கில் பிறந்த தகியுத்தீன் என்னும் அறிஞர், 1551இல் எழுதிய நூலில், நீராவியின் வீச்சால் இறைச்சி சுடும் கம்பியைச் சுழற்றும் கருவியொன்றை வர்ணித்துள்ளார். 1679இல் டெனிஸ் பப்பான் என்னும் பிரெஞ்சுக்காரர் இலண்டனில் அழுத்தச் சமையற்கலத்தைச் செய்து காட்டினார். பாதுகாப்பு வால்வும் அவர் கண்டதே. 1879இல் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் சாம்பர்லாந்து அதனை ஆட்டோகிளேவாக மாற்றினார். சமையலறையில் பிறந்து மருத்துவமனைக்குச் சென்ற கருவி என்று இதைச் சொல்லலாம்.

மருத்துவமனைத் தூய்மையிலும் நமக்கு நெடிய மரபுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில், நோயாளி நுழைந்ததும் அவருடைய ஆடைகளை வாங்கிப் பத்திரப்படுத்தி, மருத்துவமனையின் சுத்தமான ஆடையை உடுத்தச் செய்தனர் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி குறிப்பிடுகிறார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறைகளும் அங்கே இருந்தன. அவற்றுக்கு வெந்நீர் காய்ச்சியவரின் பெயரைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை. இன்றும் நிலை மாறிவிட்டதாகத் தோன்றவில்லை. நோய் குணமானால் மருத்துவருக்கு இனிப்பு கொடுக்கிறோம். பாய்லர் அறைக்கு இனிப்பு கொண்டு சென்றவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த அறையில் நடக்கும் வேலைதான் என்ன? சுவிட்சைத் தட்டிவிட்டு நாற்காலியில் அமர்ந்திருப்பது என்று எண்ணிவிடாதீர்கள். பணிக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது நீர்மட்டக் கண்ணாடியை. கொதிகலனுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வெளியே காட்டும் குழாய் அது. அதன் வழி அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் வற்றியிருந்தாலும் கண்ணாடி நிறைந்திருப்பது போல் பொய் காட்டும். ஆகவே ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் வால்வுகளைத் திறந்து ஊதிவிட்டு, மட்டம் மீண்டும் உயர்கிறதா என்று சோதிக்கிறார். பிறகு அழுத்தமானி, எரிபொருள், தீச்சுடரின் நிறம், தண்ணீர் ஏற்றும் பம்பு. அனைத்தையும் மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதில் தண்ணீர்க் கதை தனியாகச் சொல்லத் தக்கது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயர். தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலாளர் 1893இல் சூட்டிய பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது என்பதே காரணம். இத்தகைய பாறை நாட்டில் ஆழ்துளைக் கிணற்றில் ஊறும் நீர் எப்படிப்பட்டது என்பதைத் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்து இல்லத்தரசிகளிடம் கேட்டால் தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறதே, அதே படிவு கொதிகலன் குழாய்களிலும் படியும். வெப்பம் தண்ணீருக்குச் செல்ல வழியின்றி இரும்பிலேயே தங்கி, குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி, இளகிப் பிதுங்கும். இதைத் தடுக்கவே நீரை மென்மையாக்கும் சாஃப்டனர் கலம் உள்ளது. அதிலுள்ள பிசின் மணிகளுக்கு அவ்வப்போது சாதாரண உப்புக் கரைசலைச் செலுத்திப் புத்துயிர் ஊட்ட வேண்டும். கொதிகலனின் அடியில் சேரும் கசடையும் உப்புச் செறிவையும் ‘ப்ளோடவுன்’ என்று நாள்தோறும் திறந்து வெளியேற்ற வேண்டும்.

இவ்வேலையை ஒருநாள் சோம்பலால் விட்டுவிட்டால் என்ன ஆகும்? உப்பு மிகுந்த நீர் நுரைத்துப் பொங்கும். நுரைத் துளிகள் ஆவியோடு கலந்து செல்லும். ஈர ஆவி ஆட்டோகிளேவுக்குள் போனால், உள்ளிருக்கும் துணிப் பொட்டலம் நனைந்தே வெளிவரும். நனைந்த பொட்டலத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே ஊறிப் புகும். அப்பொட்டலத்தை அறுவை அரங்கில் பிரித்தால், நான்கு நாள் கழித்து ஓர் ஏழைத் தாயின் வயிற்றுத் தையல் சீழ் பிடிக்கும். அவளோ மருத்துவரைக் குறை கூறுவாள். மருத்துவர் செவிலியரைக் கேட்பார். பின்கட்டில் திறக்கப்படாத ஒரு ப்ளோடவுன் வால்வு எவர் நினைவுக்கும் வராது. நோயாளியின் முகத்தையே காணாத ஒருவர், தம் நோயாளிக்குச் செய்யும் அமானிதம் இது. கண்காணிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்ற உணர்வு உள்ளவருக்கே இந்த வேலை பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆபத்தும் சிறிதன்று. தண்ணீர் ஆவியாகையில் ஏறத்தாழ 1600 மடங்கு விரிகிறது. கண்ணாடியில் நீரே தெரியாத நிலை வந்தால், பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவதே மனித இயல்பு. அதுவே உயிருக்கு உலை வைக்கும் செயல். முதலில் தீயை நிறுத்த வேண்டும். பழுக்கக் காய்ந்த இரும்பில் குளிர்நீர் பாய்ந்தால் விளைவு பயங்கரமானது. அதுபோலவே, பாதுகாப்பு வால்வு அடிக்கடி திறந்து ஆவி வீணாகிறதே என்று அதன் மேல் பாரம் ஏற்றுவதும் பெருங்குற்றம். குக்கர் வெயிட்டை எவரேனும் கையால் அழுத்திப் பிடிப்பார்களா? நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே 7ஆம் நாளும், மீண்டும் ஜூலை 1ஆம் நாளும் நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மருத்துவமனைக் கொதிகலன் அவற்றோடு ஒப்பிடச் சிறியதே. ஆயினும் அதன் பக்கத்துச் சுவருக்கு அப்பால் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

இந்த அச்சம் பழையது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதன் பின்னரே, 1864இல் வங்காளத்தில் முதல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான இந்தியக் கொதிகலன் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, ஒரு நூற்றாண்டு வழங்கியது. அதன் இடத்தில் 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. 25 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவும் குறிப்பிட்ட அழுத்தமும் உள்ள கொதிகலன் பதிவு செய்யப்பட வேண்டும். உரிய காலத்தில் அதைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்று பெற வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற அட்டெண்டன்ட் ஒருவரின் பொறுப்பில்தான் அது இயங்க வேண்டும். இச்சான்றிதழ் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று இரு படிகளாக வழங்கப்படுகிறது.

இங்கேதான் நம் சமுதாயத்தாரிடம் ஒரு சொல் கேட்க விரும்புகிறேன். தோல் பதனிடும் தொழிலில் ஆம்பூர், வாணியம்பாடி, பெரியமேடு முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. இரும்பும் நெருப்பும் நமக்குப் புதியவை அல்ல. 1984இல் வண்டலூரில் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் கிரசண்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியபின், நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்ஜினியர்கள் ஆயினர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என்ஜினியர் வரைந்ததைக் கையால் இயக்கும் ஃபிட்டரையும் மெக்கானிக்கையும் நாம் மதித்தோமா? ஜமாஅத்துகள் பல, கல்வி உதவித்தொகை என்றாலே பட்டப் படிப்பை மட்டும் நினைக்கின்றன. ஐ.டி.ஐ. படிக்கும் பையனைப் பெண் பார்க்கும் இடத்தில் பெருமையாகச் சொல்லவும் தயங்குகிறோம். இரும்பால் கவசம் செய்த தாவூத் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவிட்டு, கையில் கிரீஸ் படிந்தவனை ஒரு படி தாழ்த்திப் பார்ப்பது என்ன நியாயம்?

பெற்றோர் சிலர் வேறொரு ஐயத்தை எழுப்புகின்றனர். எரியும் கொதிகலனை விட்டு அகல முடியாத வேலையில் ஜும்ஆ என்னாவது, நோன்பு என்னாவது என்பதே அது. நோயாளியைக் கவனிக்க வேறு ஆளில்லாதவருக்கு ஜும்ஆவில் சலுகை உண்டு என ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. தம் நிலைமைக்கு அது பொருந்துமா என்பதை ஊர் ஆலிமிடம் விவரமாகச் சொல்லித் தெளிவு பெறுக. ஆயினும் சலுகையைத் தேடுமுன் ஏற்பாட்டைத் தேடுவது மேல். ஞாயிறு காலையில் கிறிஸ்தவச் சகோதரருக்காகவும், தீபாவளி அன்று இந்துச் சகோதரருக்காகவும் ஷிப்டை ஏற்றுக்கொண்டால், வெள்ளி நண்பகலில் சான்றிதழ் பெற்ற அவர்களில் ஒருவர் நமக்காக நிற்க மாட்டாரா? ரமழானில் ஸஹரிலேயே நிய்யத் செய்து நோன்போடு பணியைத் தொடங்க வேண்டும். தாங்க முடியாத துன்பம் நேர்ந்தால் மட்டுமே முறித்துப் பின்னர் களாச் செய்யும் அனுமதி. வெக்கையைக் கருதி அம்மாதம் இரவு ஷிப்டைக் கேட்டுப் பெறுவது அறிவுடைமை.

இத்தொழில் அழிந்துவிடாதா என்று வினவுவோரும் உளர். சில மருத்துவமனைகள் மின்சாரத்தால் ஆவி தரும் ஆட்டோகிளேவை வைத்துக்கொண்டு, சலவையை வெளியே அனுப்பிவிடுகின்றன. வெந்நீருக்குச் சூரிய வெப்பக் கலன் வந்துள்ளது. ஆகவே பாய்லரை மட்டும் கற்றவருக்கு வாய்ப்பு குறையக் கூடும். அதே கையில் பம்பு, குளிர்சாதனம், ஜெனரேட்டர், ஆக்சிஜன் குழாய் அமைப்பு ஆகியவற்றையும் கற்றவரைத் தேடி மருத்துவமனைகள் வரும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் வெள்ளத்தில் மிதந்தபோது, தரைமட்டத்து இயந்திர அறை எத்தனை இன்றியமையாதது என்பதை நம் வட்டாரத்தார் உணர்ந்தார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. நம் பிள்ளைகள் பலர் ‘ஹெல்ப்பர்’ என்ற பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் பாய்லர் அருகே உழைத்துவிட்டு, காகிதம் ஏதுமின்றி வளைகுடாவுக்குச் சென்று, அங்கும் ஹெல்ப்பராகவே தொடங்குகின்றனர். தேர்வு எழுத அனுபவச் சான்று கேட்பார்கள். வேலையில் சேர்ந்த நாள் தொட்டு, எந்தக் கொதிகலனில், யார் மேற்பார்வையில் எத்தனை காலம் பணியாற்றினார் என்பதைக் கொதிகலனின் பதிவு எண்ணோடு நிர்வாகத்திடம் எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நிறுவனம் கைமாறிய பிறகோ, மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற பிறகோ கேட்டால் அது கிடைப்பது கடினம்.