கஞ்சித்தொட்டியில் கேட்ட சத்தம்

உயிர்த் துடிப்பு - 14

மதியம் இரண்டு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் நின்று பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி நிற்கும். டிரைவர் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். லாரியிலும் கோளாறு இல்லை, சாலையிலும் இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஏதோ தாமதம். அங்கே சற்று நேரம் தேங்கினால் போதும், வரிசை திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் பக்கம் வளர்ந்துவிடும்.

மைட்ரல் வால்வு சுருங்கிய இதயத்திலும் இதுவே நடக்கிறது. நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வந்து, இந்த வால்வைக் கடந்துதான் கீழறைக்குப் போக முடியும். நல்ல வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கும். நோயில் அதன் இதழ்கள் தடித்து, ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன. வழி 1.5 சதுர சென்டிமீட்டருக்கு வந்துவிட்டாலே கடுமையான சுருக்கம் என்கிறார்கள் மருத்துவர்கள். கேட்டில் தேங்கிய ரத்தம் நுரையீரல்வரை பின்வாங்கி நிற்கிறது. அங்கே நீர் கசிகிறது. மூச்சு வாங்குகிறது.

உடம்பு ரத்த அழுத்தத்தை எப்படிக் காக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். கழுத்தின் இருபுறமும், தாடைக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாயில் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. காசிமேட்டில் வெயிலில் மீன் கூடை சுமப்பவரின் உடம்பிலிருந்து வியர்வையாக உப்பும் நீரும் வெளியேறி அழுத்தம் சரியப் பார்க்கும்போது, ஓரிரு துடிப்புக்குள் இந்த முனைகள் மூளைக்குத் தகவல் சொல்லிவிடும். இதயம் வேகமெடுக்கும், குழாய்கள் இறுகும். பின்னாலேயே சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதிலிருந்து ஆஞ்சியோடென்சின், அதன் தூண்டுதலில் ஆல்டோஸ்டிரோன். முடிவில், வெளியேற வேண்டிய உப்பும் தண்ணீரும் உடம்பிலேயே நிறுத்தப்படும். வெயிலில் உழைக்கிற ஜனங்களை மயங்கி விழாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் சிறுநீரகத்துக்குக் கண் கிடையாது. தனக்கு வரும் ரத்தம் குறைந்தால், உடம்பு வறண்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். வால்வு சுருங்கியதால் குறைந்தது என்று அதற்கு யார் சொல்வது? உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. ஏற்கெனவே நெரிசலில் நிற்கும் சாலைக்கு மேலும் லாரிகளை அனுப்புவதுபோல. கால் வீங்குகிறது, நுரையீரல் இன்னும் நனைகிறது. இதயம் வேகமெடுப்பதும் இங்கே கெடுதல்தான். இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் இறங்க முடியும். துடிப்பு கூடக்கூட அந்த ஓய்வு சுருங்குகிறது. காக்க வந்த கை கழுத்தை நெரிக்கிறது.

பல பெண்களுக்கு இந்த வால்வுச் சுருக்கம் முதன்முதலில் தெரிவது கர்ப்பத்தில். அப்போது உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. அதுவரை சுருங்கிய வால்வோடு சமாளித்த இதயம் ஐந்து, ஆறு மாதத்தில் திணறுகிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணை வைத்தும் முடியாமல், வாசற்படியில் உட்கார்ந்தே விடியவைப்பாள். பி.பி. பார்த்தால் சரியாகவே இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். மருத்துவர் அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். தூரத்தில் உருளும் இடிபோல ஒரு மெல்லிய உறுமல்.

"சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்துச்சாம்மா?"

"ஆமாங்க டாக்டர். ஒரு முட்டி சரியானா இன்னொண்ணு வீங்கும். வளர்ற வயசு வலின்னு எங்கம்மா எண்ணெய் தேச்சுவுடும்."

அங்கேதான் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் ஒரு தொண்டைவலி. அதிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, இதய வால்வையும் பகையென்று தாக்கிவிடுகிறது. ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். அதனால்தான் இதை ஏழ்மையின் நோய் என்று சொல்ல நான் தயங்குவதில்லை.

அந்தப் பெண்ணை ஸ்டான்லிக்கு அனுப்புவார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் வேர்விட்டு வளர்ந்ததால், வடசென்னைக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரை. அதாவது, பதறிப்போன உடம்பை அமைதிப்படுத்துவதே முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் பலூன் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984-ல் உலகுக்கு அறிவித்த முறை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, வால்வுக்குள் பலூனை ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. கர்ப்பத்திலும் செய்ய முடியும்.

வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு, முந்தைய மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் செயற்கை வால்வு வைத்தவர் ஆயுளுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அந்த மாத்திரை கருவையே பாதிக்கலாம்.

இத்தனையையும் தடுக்க ஒரு மலிவான ஊசி இருக்கிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. வால்வு தப்பியிருந்தாலும் குறைந்தது 5 ஆண்டு அல்லது 21 வயதுவரை, எது பிந்தியதோ அதுவரை. வால்வு கெட்டிருந்தால் 40 வயதுவரைகூட. இடுப்பில் போடும் அந்த ஊசி கடுமையாக வலிக்கும். பிள்ளை அழும், அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். நாலு தவணையில் நின்றுவிடும்.

2021 ஆகஸ்ட் 5 முதல் பி.பி. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் மாநிலம் இது. அந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வரும் அதே சந்துக்குள், மூன்று வார ஊசிக்கு வராத பிள்ளையைத் தேடியும் ஒருவர் வர வேண்டும். வந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதுவரை அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குத் தொண்டை வலித்து, இருமலோ சளியோ இல்லாமல் காய்ச்சல் அடித்தால், வெந்நீரோடு விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். முட்டி மாறி முட்டி வீங்கினால் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள்.

(தொடரும்)