கடமையின் ஆழம்

நுழையும்முன்

போரில் வென்றவரைப் பதக்கம் தேடி வருவது இயல்பு. ஆனால், 1971ஆம் ஆண்டுப் போரில் தம் கப்பலை இழந்து, அதனோடு கடலில் மறைந்த தலைவர் ஒருவருக்கும், எதிரியின் துறைமுகத்தைத் தாக்கி வெற்றியோடு திரும்பிய தலைவர் ஒருவருக்கும் நம் நாடு ஒரே பதக்கத்தை வழங்கியது. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஒரே கடலில், ஐந்து நாள் இடைவெளியில் செயலாற்றியவர்கள். வெற்றிக்கும் இழப்பிற்கும் ஒரே சிறப்புக் கிடைத்தது எவ்வாறு? அவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

இளமையும் பணியும்

மகேந்திரநாத் முல்லா, உத்தரப்பிரதேச மாநிலத்தின் கோரக்பூரில் 1926ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பிறந்தார். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், இந்தியக் கடற்படையில் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அப்போது நம் கடற்படை அளவில் சிறியது. அதன் கப்பல்களுள் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்தவை. அத்தகைய படையோடு தாமும் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் முல்லா.

அவர் 1965ஆம் ஆண்டு முதல் ‘ராணா’ என்னும் நாசகாரிக் கப்பலின் தலைவராகப் பணியாற்றினார். இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கடற்படை ஆலோசகர் அலுவலகத்திலும் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்தார். அவருடைய மற்றொரு திறமை பலர் அறியாதது. கடற்படைச் சட்டத்தை அவர் ஆழ்ந்து கற்றிருந்தார். படை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட வீரர்கள், தங்களுக்காக வாதாட அவரை விரும்பி நாடினர். தம்மை நம்பி வந்தவரைக் கைவிடாத இவ்வியல்பு, பின்னாளில் நடுக்கடலிலும் வெளிப்பட்டது.

1971ஆம் ஆண்டு ‘குக்ரி’ என்னும் போர்க்கப்பலின் தலைமை அவருக்கு வழங்கப்பட்டது. கூர்க்கா வீரர்கள் ஏந்தும் வளைந்த கத்தியின் பெயரே குக்ரி. பிரிட்டனில் கட்டப்பட்டு, 1958ஆம் ஆண்டில் நம் கடற்படையில் சேர்ந்த அக்கப்பல், நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கேப்டன் முல்லா, அக்கப்பல் இடம்பெற்ற பதினான்காவது கப்பல் அணி முழுவதற்கும் தலைவராக விளங்கினார்.

பதக்கங்களின் வகை

படைவீரரின் சீருடையில் ஒளிரும் பதக்கங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. அவற்றை மூன்றாகப் பகுத்துக் காணலாம். பகைவர் முன்னிலையில் காட்டும் வீரத்திற்குப் பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகியவை வழங்கப்படுகின்றன. போர்க்களத்திற்கு அப்பால் காட்டும் வீரத்திற்கு அசோகச் சக்கரம், கீர்த்திச் சக்கரம், சௌரியச் சக்கரம் ஆகியவை உரியன. நெடுங்காலச் சிறப்பான பணியைப் போற்றப் பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா ஆகிய பதக்கங்கள் அமைந்துள்ளன. முதல் இரு வகைகள் ஒரு செயலைப் போற்றுபவை. மூன்றாவது வகை, ஒருவர் ஆற்றிய பணியைப் போற்றுவது.

தெரிந்து தெளிவோம்

பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள் 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நிறுவப்பட்டன. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தனவாகக் கொள்ளப்பட்டன. மகாவீர் சக்கரம் வெள்ளியால் ஆன வட்ட வடிவப் பதக்கம். அதன் முகப்பில் ஐந்து முனை விண்மீனும், நடுவே பொன்முலாம் பூசிய அரசுச் சின்னமும் அமைந்திருக்கும். அதன் நாடா பாதி வெண்மையும் பாதி காவியும் கொண்டது. இதுவரை பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேருள் இருபதின்மர் தரைப்படையினர், ஒருவர் விமானப்படையினர். எனவே, போர்க்கால வீரத்திற்காக நம் கடற்படையினர் பெற்றுள்ள மிக உயர்ந்த விருது மகாவீர் சக்கரமே ஆகும்.

வெற்றியோடு திரும்பியவர்

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் மாலை, பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத்தளங்களைத் தாக்கின, போர் மூண்டது. மறுநாள் இரவே இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியது. அந்நடவடிக்கைக்கு ‘டிரைடண்ட்’, அதாவது முத்தலைச் சூலம் என்று பெயர். நிபாட், நிர்காட், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகள் அதில் பங்கேற்றன. அவை கடற்கரைக் காவலுக்காக உருவாக்கப்பட்டவை. நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் இல்லாதவை. ஆகவே, அவற்றைக் காத்து வழிநடத்தக் கில்தான், கச்சல் என்னும் இரு போர்க்கப்பல்கள் உடன் சென்றன. கில்தான் இலட்சத்தீவுகளுள் ஒன்றன் பெயர். கச்சல் நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றன் பெயர்.

இவ்வணி முழுவதற்கும் தலைமை தாங்கியவர் கில்தானின் தலைவரான கமாண்டர் கோபால் ராவ். இவர் 1926ஆம் ஆண்டு நம் மதுரையில் பிறந்தவர். பகலில் எதிரி விமானங்களின் பார்வைக்கு எட்டாத் தொலைவில் காத்திருந்து, இருள் சூழ்ந்தபின் விரைந்து முன்னேறித் தாக்குவது அவ்வணியின் திட்டம். அத்திட்டம் பலித்தது. ‘கைபர்’ என்னும் நாசகாரிக் கப்பலும், ‘முஹாபிஸ்’ என்னும் கண்ணிவெடி அகற்றும் கப்பலும் மூழ்கின. கராச்சித் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. நம் கப்பல்கள் அனைத்தும் இழப்பின்றித் திரும்பின. ஆண்டுதோறும் டிசம்பர் 4ஆம் நாள் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது இவ்வெற்றியின் நினைவாகவே. கோபால் ராவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் 2021ஆம் ஆண்டு சென்னையில் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

ஒலியே கண்ணாகும் போர்

கராச்சியின் மேல் நெருப்பு எழுந்தபோதும், அரபிக்கடலின் அடியில் ஆபத்து நீங்கவில்லை. பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ என்னும் நீர்மூழ்கி, டையூவிற்கு அப்பாலுள்ள கடற்பகுதியில் உலவியது. அதன் வானொலிச் செய்திகளைக் கொண்டு அது இருக்கும் பகுதியை நம் கடற்படை கணித்தது. அதனைத் தேடி அழிக்கும் பொறுப்பு கேப்டன் முல்லாவிடம் ஒப்படைக்கப்பட்டது. டிசம்பர் 8ஆம் நாள், குக்ரியும் அதன் துணைக்கப்பலான கிர்பானும் பம்பாயிலிருந்து புறப்பட்டன.

நீர்மூழ்கியைத் தேடுதல் எளிய செயலன்று. கடலுக்கடியில் ஒளி வெகுதொலைவு செல்லாது. ரேடார் அலைகளும் ஊடுருவா. ஒலி ஒன்றே துணை. சோனார் என்னும் கருவி நீருக்குள் ஒலியை அனுப்பி, அது ஏதேனும் ஒரு பொருளின்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அப்பொருளின் திசையையும் தொலைவையும் கணிக்கிறது. ஆனால், மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் அடுக்குகளாக அமையும்போது ஒலி வளைந்து திசைமாறும். அவ்வடுக்கின் கீழ் நீர்மூழ்கி மறைந்துகொள்ள இயலும். மேலும், தேடும் கப்பல் ஒலி எழுப்புகிறது. மறைந்திருக்கும் நீர்மூழ்கியோ மௌனமாய் அவ்வொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேட்டையாடச் சென்றவரே வேட்டைக்கு இலக்காகும் நிலை இதுவே.

ஹாங்கோரின் சோனார், குக்ரியின் கருவியைவிடத் தொலைவிலுள்ளதை உணரும் திறன் பெற்றிருந்தது. அக்குறையை ஈடுசெய்யக் குக்ரியின் கருவியில் ஒரு மேம்பாடு செய்யப்பட்டு, அது சோதிக்கப்பட்டு வந்தது. அதன்பொருட்டுக் கப்பல் குறைந்த வேகத்தில் செல்ல நேர்ந்தது. தன் கருவியின் குறையைத் தானறிந்தும், கடமையை விடுத்துத் திரும்ப இயலாத நிலையில் இருந்தது அக்கப்பல்.

டிசம்பர் 9ஆம் நாள் இரவு

அன்றிரவு ஒன்பது மணிக்குச் சற்றுமுன், டையூ கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில், ஹாங்கோர் ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. பெருவெடிப்பால் கப்பல் உடைந்து, இருளில் மூழ்கத் தொடங்கியது. மீட்புக்குக் கிடைத்தவை சில நிமிடங்களே.

கப்பலைக் கைவிடுமாறு முல்லா ஆணையிட்டார். பதற்றமின்றி, ஒழுங்கு குலையாமல், வீரர்களை ஒருவர்பின் ஒருவராக வெளியேறச் செய்தார். தம் உயிர்காப்புச் சாதனத்தைக் கழற்றி ஒரு மாலுமியிடம் கொடுத்தார். இயன்றவரை பலரை வெளியேற்றிய பின்னரும் அவர் கடலில் குதிக்கவில்லை. இன்னும் யாரையேனும் காப்பாற்ற இயலுமா என்று காண, கப்பலின் மேடைக்குத் திரும்பிச் சென்றார். மூழ்கும் கப்பலோடு அவர் கீழிறங்கியதே கடைசியாகக் கண்ட காட்சியாயிற்று. அப்போது அவருக்கு வயது 45.

அந்நிகழ்வில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர். 67 பேர் உயிர்பிழைத்தனர். கராச்சித் தாக்குதலில் பங்கேற்ற கச்சல் கப்பலே, மறுநாள் வந்து அவர்களைக் கடலிலிருந்து மீட்டது. வெற்றியைக் கண்ட அதே கப்பல், ஒரு வாரத்திற்குள் பெருந்துயரையும் கண்டது. விடுதலைக்குப்பின் இந்தியக் கடற்படை போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரியே ஆகும்.

மூழ்குவதா வீரம்?

கேப்டன் முல்லாவிற்கு, அவர் மறைவிற்குப்பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. இருபதாண்டுகளுக்கும் மேற்பட்ட பட்டறிவு கொண்ட ஒரு தலைவர், உயிர்பிழைத்து நாட்டிற்கு மேலும் பணியாற்றியிருக்கலாம் அல்லவா? கப்பலோடு தலைவரும் மூழ்க வேண்டும் என்று கடற்படைச் சட்டம் விதிக்கவில்லை. அச்சட்டத்தை நன்கறிந்த முல்லாவிற்கு இது தெரியாததன்று. தலைவர் இறுதியாக வெளியேற வேண்டும் என்னும் மரபே உண்டு.

விடை, பதக்கத்திற்கான சான்றுரையிலேயே உள்ளது. அது அவர் இறந்ததைப் போற்றவில்லை. இறக்கும்வரை செய்தவற்றைப் போற்றுகிறது. அவர் மீட்புப்பணியை வழிநடத்தியதையும், உயிர்காப்புச் சாதனத்தைத் தந்ததையும், மேலும் செய்யத்தக்கது உண்டா என்று காணத் திரும்பியதையும் அது வரிசைப்படுத்துகிறது. அவர் சாவைத் தேடிச் சென்றவரல்லர். கப்பலுக்குள் இன்னும் மனிதர் இருந்தமையால் திரும்பிச் சென்றவர். இறுதியாக வெளியேறுவது தலைவரின் மரபு என்றால், இறுதி மனிதர் இன்னும் வெளியேறவில்லை என்பதே அவர் திரும்பியதன் பொருள். பெருமைக்காக உயிர்விடுதல் வேறு. பொறுப்பை விடாமையால் உயிர்போதல் வேறு. முல்லாவின் வீரம் இரண்டாம் வகையினது.

இதே போரில், முன்னணி மாலுமியான சிமன் சிங்கும் மகாவீர் சக்கரம் பெற்றார். கிழக்கு வங்கத்தின் குல்னா அருகே அவர் சென்ற படகு வான்வழித் தாக்குதலில் சிதைந்தது. காயமுற்ற நிலையிலும், அவர் பகைவரின் கவனத்தைத் தம்மீது திருப்பித் தோழர்கள் தப்ப வழிசெய்தார், தாம் சிறைப்பட்டார். ஆக, அணித்தலைவர், கப்பல் தலைவர், மாலுமி என மூவரும் ஒரே பதக்கத்திற்கு உரியவராயினர். ஒருவர் வென்றார்; ஒருவர் மறைந்தார்; ஒருவர் சிறைப்பட்டார். முடிவுகள் வேறுபட்டன, பிறரைக் காக்கும் பொறுப்பை ஆபத்தின் நடுவிலும் கைவிடாமை மூவர்க்கும் பொதுவாயிருந்தது. பதக்கம் அளப்பது பதவியையோ வெற்றியையோ அன்று; அப்பொறுப்பின் ஆழத்தையே.

நிலைத்த நினைவு

டையூ கடற்கரையில் குக்ரியில் மறைந்தோருக்கு நினைவிடம் அமைக்கப்பட்டுள்ளது. கண்ணாடிப் பேழையுள் கப்பலின் மாதிரி, அது மூழ்கிய கடலை நோக்கியவாறு நிற்கிறது. இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டில் கேப்டன் முல்லாவின் அஞ்சல்தலையை வெளியிட்டது. 1989ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்த புதிய போர்க்கப்பல் ஒன்றிற்கும் குக்ரி என்றே பெயரிடப்பட்டது. மூழ்கிய பெயரை மீண்டும் கடலில் மிதக்கவிடுவது, இழப்பை மறவாமல் பணியைத் தொடரும் கடற்படை மரபாகும்.

ஒரு குழுவிற்குத் தலைமை ஏற்போர் அனைவரும் போர்க்களம் காண்பதில்லை. எனினும், இடர் நேரும்போது முதலில் வெளியேறுவோர் யார், இறுதிவரை நிற்போர் யார் என்னும் வினா எல்லா இடங்களிலும் எழுவதே. அவ்வினாவிற்குச் சில நிமிடங்களில் தம் செயலால் விடையளித்தவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா.

கற்பவை கற்றபின்

1. கோபால் ராவ், முல்லா ஆகிய இருவரின் செயல்களை ஒப்பிட்டு, அவற்றுள் பொதுவாக அமைந்த பண்பு குறித்து ஒரு பத்தி எழுதுக.

2. ‘பெருமைக்காக உயிர்விடுதல் வேறு, பொறுப்பை விடாமையால் உயிர்போதல் வேறு’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் பகுதியில் படைப்பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரைச் சந்தித்து, அவர் பெற்ற பதக்கங்கள் எவ்வகையைச் சார்ந்தவை எனக் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.