பூவிருந்தவல்லியில் வேனில்

சித்திரை பிறந்துவிட்டால் நம் பட்டணத்து ஜனங்களுக்கு உதகமண்டலத்தின் ஞாபகம் வந்துவிடுகிறது. 1848-ம் வருஷத்தில் அங்கே அமைந்த தாவரத் தோட்டத்தில், மே மாதத்து மலர்க் காட்சியைக் காணக் கூட்டம் அலை மோதுகிறது. அழகிய தோட்டந்தான், அதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால், வேனிற்காலத்துப் பூவைக் காண மலை ஏறித்தான் ஆகவேண்டுமா?

சென்னைக்கு மேற்கேயுள்ள பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்று ஒரு பெயர் உண்டு. சுமார் 1000 வருஷங்களுக்கு முன் இவ்வூரில் அவதரித்த திருக்கச்சிநம்பிகள், இங்கே நந்தவனம் வைத்து, அதன் பூக்களைக் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு சென்று சமர்ப்பித்து வந்தார் என்பது ஐதிகம். பூவினாலேயே பெயர் பெற்ற மண்ணில் பூவுக்குப் பஞ்சம் ஏது?

நேயர்கள் ஒரு நாள் விடியற்காலையில் இந்த வட்டாரத்தில் உலாவிப் பார்க்கட்டும். உக்கிரமான வெயிலில்தான் சரக்கொன்றை பொன்னைச் சொரிகிறது. இலைகளை உதிர்த்துவிட்டுப் பூப்பதால், வண்டுகளுக்குப் பூ தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரிக்கரையில் 2019-ல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. நடந்து களைத்தவர்கள் அங்கே அமர்ந்து நீர்ப் பறவைகளைக் காணலாம்.

ஆயினும் வேனிலின் முழுக் கதையையும் சொல்வது நம் கொல்லைப்புறத்து வேம்புதான். பங்குனி, சித்திரையில் அது பூக்கிறது. ஆனி, ஆடியில் பழுக்கிறது. குயிலும் மைனாவும் பழத்தைத் தின்று கொட்டையை ஆங்காங்கே போட்டுவிடுகின்றன. வேப்பங்கொட்டையின் முளைக்கும் சக்தி சில வாரங்களே நிலைக்கும். அதற்குள் மழை வந்துவிடுகிறது. என்ன பொருத்தம்!

குயிலுக்கோ கூடு கட்டும் வழக்கமில்லை. காகம் கூடு கட்டும் இந்தப் பருவத்தில், அதன் கூட்டிலேயே முட்டையிட்டுவிடுகிறது. நாம் கேட்டு மகிழும் கூவல் கரிய ஆண் குயிலுடையது. புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறப் பெண் குயிலைப் பலர் குயிலென்றே அறியார். நண்பகலில் ‘டொக், டொக்’ என்று செம்பு தட்டுவதுபோல் குரல் எழுப்பும் குக்குறுவானோ பட்டுப்போன கிளையைக் குடைந்து குடியிருக்கிறது.

ஆக, ஒரு மரம் விழுந்தால் காகத்தின் கூடும் குயிலின் குஞ்சும் குக்குறுவானின் பொந்தும் சேர்ந்தே போகின்றன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன, வீடுகள் நெருங்கின. ஜனங்களுக்கு வேலையும் வீடும் அவசியமே. ஆனால், சிமெண்டு முற்றத்தில் சருகு விழுகிறதென்று வேம்பை வெட்டுவது எந்த அவசியத்தில் சேரும்? பட்ட கிளை வழியில் விழும் ஆபத்து இல்லையென்றால், அதைக்கூட விட்டுவைக்கலாமே!

திருக்கச்சிநம்பிகளைப்போல் நந்தவனம் வைக்க எல்லோருக்கும் நிலம் இராது. இருக்கும் வேம்பைக் காப்பதற்கும், மதிலின்மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைப்பதற்கும் எவ்வளவு நிலம் வேண்டும்? இந்தக் கோடையிலேயே நம் இல்லங்களில் அதைத் தொடங்குவோமாக.