தாகம் தணிக்கும் பானகம்

மே மாத நண்பகலில் தில்லித் தெருக்களில் ‘லூ’ எனப்படும் வெப்பக்காற்று வீசும். நாக்பூரில் வெயில் 45 பாகை செல்சியசைத் தொடுவதும் உண்டு. மும்பையில் அத்துணை வெப்பம் இல்லை. ஆயினும் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை உலராது. உடல் விரைவில் சோர்ந்துவிடும். ஊர் எதுவாயினும் கோடை தரும் துன்பம் ஒன்றே: உடலில் நீர் குறைகிறது, நா வறள்கிறது. இவ்வேளையில் வெயிலிலிருந்து வருபவர்க்குத் தமிழர் அளித்துவரும் குளிர்பானங்களுள் ஒன்று பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் ஆகியவற்றை நீரில் கலந்து செய்யப்படும் இதற்கு அடுப்பும் தேவையில்லை; குளிர்பதனப் பெட்டியும் தேவையில்லை.

பெயரும் வழக்கமும்

‘பானம்’ என்பது பருகும் பொருளைக் குறிக்கும். அச்சொல்லோடு தொடர்புடையதே ‘பானகம்’ என்னும் பெயர். கோடை தொடங்கும் காலத்தில் வரும் இராமநவமியன்று பானகம், நீர்மோர், ஊறவைத்த பாசிப்பருப்பால் ஆன வடைப்பருப்பு ஆகியவற்றைப் படைத்து, வந்தோர்க்கெல்லாம் வழங்குவது மரபு. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையாற்றில் எழுந்தருளும்போது, திரண்டு வரும் மக்களுக்குத் தண்ணீர்ப்பந்தல்களில் பானகமும் நீர்மோரும் கொடுப்பர்.

இப்பானம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கன்னடர் இதனைப் ‘பானக’ என்பர். தெலுங்கர் ‘பானகம்’ என்றே அழைப்பர். ஆந்திரப் பிரதேசத்தின் மங்களகிரி மலைக்கோயிலில் நரசிம்மருக்குப் பானகமே படையல் ஆதலால், அவர் பானகால நரசிம்மர் எனப்படுகிறார். வடஇந்தியாவில் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கறுப்புப்பு, வறுத்த சீரகப்பொடி ஆகியவை சேர்த்துச் செய்யப்படும் ‘ஷிகஞ்சி’ இதன் உறவினர் எனத்தக்கது. அவ்வந்த மண்ணில் கிடைத்த பொருளைக் கொண்டு மக்கள் வெயிலை எதிர்கொண்டனர்.

பொருள்களும் அவற்றின் பயனும்

வியர்வையின் வழியே உடல் நீரை மட்டுமன்றி உப்பையும் இழக்கிறது. வெறும் நீர் தாகத்தைத் தணிக்கும். ஆனால், இழந்த உப்பை ஈடுசெய்யாது. பானகத்தில் இடப்படும் ஒரு சிட்டிகை உப்பு அதில் சிறு பகுதியையேனும் திருப்பித் தருகிறது. வெல்லத்தின் இனிப்பு களைத்த உடலுக்கு உடனடி ஆற்றல் அளிக்கிறது. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் செய்யப்படும் வெல்லத்தில் பொட்டாசியம், இரும்பு முதலிய தாதுக்களும் சிறிதளவு உண்டு. தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி வெல்லத்திற்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் பெயர்பெற்ற ஊராகும்.

எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். அதிலுள்ள உயிர்ச்சத்து சி வெப்பத்தால் சிதையக்கூடியது. காய்ச்சாமல் செய்யப்படுவதால் பானகத்தில் அச்சத்துப் பெரிதும் அழியாமல் இருக்கிறது. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சை விளைச்சலுக்குப் புகழ்பெற்றது.

இஞ்சியை உலர்த்தினால் சுக்கு கிடைக்கும். இஞ்சியின் காரத்திற்குக் காரணமான பொருள் ‘ஜிஞ்சரால்’ எனப்படும். உலரும்போது அதன் ஒரு பகுதி ‘ஷோகால்’ என்னும் பொருளாக மாறுகிறது. ‘ஷோகா’ என்பது இஞ்சியைக் குறிக்கும் சப்பானியச் சொல். ஷோகால் ஜிஞ்சராலினும் காரம் மிக்கது. ஆகவே, சுக்கைச் சிறிதளவே சேர்க்க வேண்டும். சுக்கின் மேல்தோலைச் சீவி நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது சித்த மருத்துவ மரபு.

செய்முறை

ஐந்து பேருக்குத் தேவையானவை: குடிநீர் 1 லிட்டர், பொடித்த வெல்லம் 100 கிராம், சிறிய எலுமிச்சம்பழம் 2, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை, துளசி இலை சில.

1. வெல்லத்தை நீரில் இட்டு 20 நிமிடம் ஊறவிட வேண்டும். அது கரைந்ததும் நன்கு கலக்க வேண்டும்.
2. வெல்லத்தில் மண்ணோ கரும்புச் சக்கையோ இருக்கலாம். எனவே, கரைசலைத் தூய மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும்.
3. ஏலக்காயின் தோலை நீக்கி, உள்ளிருக்கும் விதைகளைத் தட்டிப் பொடியாக்க வேண்டும். அதனோடு சுக்குப்பொடியையும் உப்பையும் கரைசலில் சேர்த்துக் கலக்க வேண்டும்.
4. எலுமிச்சம்பழத்தைப் பெரியவர் துணையோடு நறுக்கி, விதை விழாமல் சாறு பிழிந்து, இறுதியில் சேர்க்க வேண்டும். தோல் நசுங்குமாறு அழுத்திப் பிழிந்தால் கசப்பு ஏறும்.
5. துளசி இலைகளைக் கழுவி மேலே தூவ வேண்டும்.

சுக்கு கிடைக்காத ஊரில் இஞ்சியைப் பயன்படுத்தலாம். சிறு துண்டு இஞ்சியைத் தோல் சீவி, இடித்துச் சாறு பிழிந்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் வெண்மையான வண்டல் அடியில் தங்கும். மேலே உள்ள தெளிந்த சாற்றை மட்டும் சேர்க்க வேண்டும்.

புளிப்பு உலோகத்தோடு வினைபுரியும். ஆதலால், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் அலுமினியப் பாத்திரங்களையும் தவிர்த்து, எவர்சில்வர், கண்ணாடி, மண் ஆகியவற்றால் ஆன கலங்களைப் பயன்படுத்துவதே நன்று.

மண்பானையின் குளிர்ச்சி

மண்பானையின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இவ்வாறே. காற்று உலர்ந்திருக்கும் தில்லிக் கோடையில் பானைநீர் மிகவும் குளிரும். ஈரக்காற்று வீசும் மும்பையிலும் சென்னையிலும் அத்துணைக் குளிராது.

கவனிக்க வேண்டியவை

பானகத்தை அன்றே பருகிவிட வேண்டும். இனிப்புள்ள நீரில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். நாள்பட்டால் அது நுரைத்துப் புளித்துவிடும். வெல்லமும் ஒருவகைச் சர்க்கரையே. எனவே, நீரிழிவு நோயுள்ளவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படியே இதனைப் பருக வேண்டும்.

பானகம் தாகம் தீர்க்கும் பானமே அன்றி நோய் தீர்க்கும் மருந்து அன்று. வயிற்றுப்போக்கால் உடல் நீரை இழந்தவர்க்கு உப்பு–சர்க்கரைக் கரைசலே ஏற்றது. 1 லிட்டர் தூயநீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்தால் அது கிடைக்கும். சர்க்கரையும் உப்பும் உரிய அளவில் சேர்ந்திருக்கும்போது குடல் நீரை எளிதில் உறிஞ்சுகிறது. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிசு, இத்தகைய கரைசலைப் பருகக் கொடுத்து எண்ணற்றோர் உயிரைக் காத்தார். அளவறிந்து கலந்த நீரின் வலிமையை உலகம் உணர அப்பணி உதவியது.

வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்து, உடனே பெரியவர்களை அழைத்து மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பகிர்ந்து பருகுதல்

பானகம் ஒருவர் தமக்கென ஒரு குவளை மட்டும் செய்துகொள்வதன்று. பானை நிறையச் செய்து பகிர்வது. திருவிழாக் காலத் தண்ணீர்ப்பந்தலில், பருகுவோர் யார், எவ்வூரினர் என்று எவரும் கேட்பதில்லை. தாகம் ஒன்றே தகுதியாகும். இன்று பெருநகரக் குடியிருப்புகளிலும் வெயிலில் உழைப்போர் பலர் உளர். வாயிலில் நிற்கும் காவலாளி, கடிதம் கொணரும் அஞ்சல்காரர், தெருவைத் தூய்மை செய்வோர் ஆகியோர்க்கு ஒரு குவளை பானகம் நீட்டும் கை, தொலைவிலுள்ள ஊரின் தண்ணீர்ப்பந்தலைத் தன் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துவிடுகிறது.

அருஞ்சொற்பொருள்

நண்பகல் – நடுப்பகல்
படையல் – இறைவனுக்குப் படைக்கும் உணவு
வண்டல் – நீரின் அடியில் படியும் பொருள்
குவளை – நீர் பருகும் கலம்

சிந்தித்து எழுதுக

1. பானகத்தில் உப்பு சேர்ப்பது ஏன்?
2. மண்பானை நீர் மும்பையைவிடத் தில்லியில் மிகுதியாகக் குளிர்வதற்குக் காரணம் யாது?
3. நீவிர் வாழும் ஊரில் கோடைக்காலத்தில் பருகப்படும் பானம் ஒன்றின் செய்முறையைப் பெரியவரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.